உயிலில் பெயர் மட்டும்

ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் வர்ஜீனியாவின் பழைய உயில்களில்தான் போகிறது. 1743இல் அகஸ்டின் வாஷிங்டன் இறந்தபோது, பின்னாளில் அமெரிக்காவின் முதல் அதிபரான மகன் ஜார்ஜுக்கு 11 வயது. அப்பாவின் உயில்படி அவனுக்கு வந்தவை, இன்று ஃபெர்ரி ஃபார்ம் என்று சொல்கிற பண்ணையும் 10 அடிமைகளும். பதினொரு வயதுப் பிள்ளைக்குப் பத்து மனிதர்கள்!

அந்தக் காலத்தில் உயிலோடு சொத்துப் பட்டியலும் நீதிமன்றத்துக்குப் போகும். ஊர்க்காரர்கள் சிலர் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றுக்கும் விலை போடுவார்கள். இறகு மெத்தை, இரும்புப் பானை, பசு, அப்புறம் அதே தாளில் மனிதர்கள். வெறும் பெயர், எதிரில் பவுண்டுக் கணக்கு.

கறுப்பின அமெரிக்கர் பலருக்கு வம்சத் தேடல் 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு நின்றுவிடுகிறது. விடுதலையான அடிமைகளையெல்லாம் பெயர் சொல்லி எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. அதற்கும் பின்னால் போக, முதலாளிகளின் உயில்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. தன் பாட்டியின் பாட்டியை ஒரு மாட்டுக்கும் மெத்தைக்கும் நடுவில் கண்டுபிடிப்பவரின் மனசு என்ன பாடுபடும்?

நேற்று ஒரு பட்டியலில் ஒரு பெண்ணின் பெயர், கூடவே ‘அவள் குழந்தை’ என்று மட்டும் இருந்தது. குழந்தைக்குப் பெயர் எழுதவில்லை. இருவருக்கும் சேர்த்து ஒரே விலை.