கில்டேரில் புனித பிரிஜித் திருநாள்: போகிறவர்களுக்குச் சில விவரங்கள்

கில்டேர் அயர்லாந்திலுள்ள ஊர்; அங்கே துறவு மடம் நிறுவியவராகப் போற்றப்படும் பழங்காலப் புனிதைதான் பிரிஜித். அயர்லாந்தில் 2023 முதல் அவருடைய திருநாளுக்கு அரசு விடுமுறை உண்டு. பெரும்பாலான ஆண்டுகளில் அது பிப்ரவரியின் முதல் திங்கள்கிழமை. அந்தத் திங்களை நம்பிப் பயணச்சீட்டு எடுத்தால் திருநாளையே தவறவிட நேரும். எந்தக் கிழமையானாலும் திருநாள் பிப்ரவரி 1தான். பழைய வீட்டு வழக்கங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய இரவுக்குரியவை. ஆகவே ஜனவரி 31 மதியத்துக்குள் கில்டேர் சேர்ந்துவிடுங்கள். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

அன்று இரவு பிரிஜித் வீடு வீடாக ஆசீர்வதித்துக்கொண்டு வருவார் என்பது நம்பிக்கை. வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு கட்டுக் கோரையோடு வெளியே நின்று கதவைத் தட்டுவாள். “மண்டியிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்” என்பாள். உள்ளே இருப்பவர்கள் வரவேற்ற பிறகு கோரை மேசைக்கடியில் போகும். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு சாப்பிட்ட பிறகே சிலுவை முடைவார்கள். சாகக் கிடந்த புறச்சமயத் தலைவன் ஒருவனுக்கு, தரையில் பரப்பியிருந்த கோரையை எடுத்துச் சிலுவை முடைந்து காட்டி கிறிஸ்துவை அறிவித்தார் பிரிஜித் என்பது இதன் பின்னுள்ள கதை.

கோரையை அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது மரபு. சுமார் 28 தாள் இருந்தால் நடுச்சதுரம் நன்றாக அமையும். 16க்குக் குறைந்தால் ஒல்லியாகத் தெரியும். முதல் தாளை நிமிர்த்திப் பிடியுங்கள். இரண்டாவதை இரண்டாக மடித்து, முதல் தாளின் நடுவைச் சுற்றி வலப்பக்கம் நீட்டுங்கள். முழுவதையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் கால் வட்டம் திருப்பினால் மடித்த தாள் மேல்நோக்கி நிற்கும். அடுத்ததை அதன்மேல் மடித்து மறுபடி வலப்பக்கம் நீட்ட வேண்டும். மடிப்பது, திருப்புவது, அவ்வளவுதான். தாள் தீரும்வரை நடுவிலிருந்து கட்டைவிரலை எடுக்காதீர்கள்; ஒருமுறை தளர்ந்தால் நடுவில் ஓட்டை விழும், பிறகு இறுக்க முடியாது. பச்சைக் கோரை காய்ந்தால் சுருங்கும், ஆகவே நான்கு நுனிகளையும் நூலால் இறுக்கிக் கட்டிய பிறகே வெட்டிச் சமப்படுத்துங்கள். வாசலுக்கு மேலே மாட்டினால் வீட்டைத் தீ அண்டாது என்பார்கள்.

தூங்கப் போகுமுன் ஒரு துணித்துண்டை வெளியே புதரிலோ ஜன்னல் விளிம்பிலோ போட்டுவைத்து, விடியுமுன் எடுக்க வேண்டும். இதுவே பிரிஜித்தின் போர்வை. தலைவலிக்கும் தொண்டை நோவுக்கும் இதைச் சுற்றிக்கொள்வார்கள். கன்று ஈனும் பசுவின் மேலும் போடுவார்கள். பிப்ரவரிக் காற்று பலமானது, துணியைக் கட்டிவிடுங்கள்.

காலையில் டல்லியிலுள்ள கிணற்றுக்குப் போகலாம். ஊரிலிருந்து நடக்கும் தூரம்தான், ஆனால் வழி ஈரமாக இருக்கும். நீர் புகாத காலணி வேண்டும். சாலையோரமாக ஒரு கிணறும், சற்றுத் தள்ளித் தோட்டத்துக்குள் இன்னொன்றும் இருக்கின்றன. ஜெபம் நடப்பது தோட்டத்துக் கிணற்றில். அங்குள்ள தோரண வளைவிலிருந்து கிணறு வரை ஐந்து கற்கள் வரிசையாக நிற்கும்: மண்ணின் பெண், சமாதானம் செய்பவர், அடுப்படிக்காரர், குணமாக்குபவர், தியானி என்று பிரிஜித்தின் ஐந்து முகங்கள். ஒவ்வொன்றிலும் நின்று ஜெபித்து நகர வேண்டும். ஓடிப் படம் எடுத்துத் திரும்புவது பெரிய இழப்பு. பக்கத்து மரத்தில் துணி கட்டுவோர் பருத்தித் துணியையே, அதுவும் தளர்வாகக் கட்டுங்கள். துணி மக்க மக்க நோய் குறையும் என்பதே நம்பிக்கை. பாலியஸ்டர் மக்காது, இறுகிய முடிச்சு கிளையை நெரிக்கும்.

ஊரிலுள்ள புனித பிரிஜித் பேராலயத்தின் வடபுறத்தில், அவருடைய அணையா நெருப்பைக் காத்த நெருப்பு மனையின் கல் அடித்தளம் உள்ளது. அங்கே அவசியம் நில்லுங்கள். 19 கன்னியர் இரவுக்கு ஒருவராக நெருப்பைக் காத்தார்கள், 20-ஆம் இரவில் விறகை மட்டும் வைத்துவிட்டுப் பிரிஜித்திடமே ஒப்படைத்தார்கள் என்று 12-ஆம் நூற்றாண்டில் வந்துபோன வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதியிருக்கிறார். வாயால் ஊதக் கூடாது, துருத்தியோ விசிறியோதான். எவ்வளவு எரிந்தாலும் சாம்பல் பெருகவில்லையாம். 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தக் காலத்தோடு அணைந்த அந்த நெருப்பை 1993-இல் பிரிஜித் சபைக் கன்னியர் மறுபடி ஏற்றினார்கள். இன்று ஊர்ச் சதுக்கத்திலும் ஒரு சுடர் எரிகிறது. 2024-இல் பிரிஜித்தின் திருப்பண்டம் (புனிதரின் உடல் எச்சம்) ஒன்றும் கில்டேருக்கு வந்தது. அதை வணங்க, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த பேராலயத்துக்கு அல்ல, கத்தோலிக்கப் பங்கு ஆலயத்துக்குப் போக வேண்டும்.