எல்லா 9-க்குள்ளயும் ஒரு 8

இந்தக் காசுப் பைத்தியம் எனக்குப் பிடிச்சதுக்கு நம்ம ஊரு சுதந்திரம்தான் காரணம்னா நம்புவீங்களா? 1947-ல நமக்கு விடுதலை கெடச்சதும், கனடா காசுல ராஜா பேருக்குப் பின்னாடி லத்தீன்ல இருந்த "இந்தியாவின் சக்கரவர்த்தி" பட்டத்தைத் தூக்க வேண்டியதாப் போச்சு, லண்டன்லேர்ந்து புது அச்சு வர லேட்டு, அதனால 1948-லயும் 1947-ன்னே போட்டு வருஷம் பக்கத்துல துளியூண்டு மேப்பிள் இலையை அடிச்சு சமாளிச்சாங்க. இதைக் கேள்விப்பட்ட அன்னைக்கு லென்ஸைக் கையில எடுத்தவன்தான்.

போன மாசம் இங்க கனடாவுல, மிசிசாகால ஒரு கராஜ் சேல்ல 14 பழைய பெரிய சென்ட் காசு மாட்டுச்சு. வருஷம் தெரிஞ்ச 11-ம் 1859. மீதி மூணுல வருஷமும் இல்ல, விக்டோரியா ராணி மூக்கும் இல்ல, கரைஞ்ச சோப்புத் துண்டு மாதிரி இருந்துச்சு.

1859-ல என்ன விசேஷம்னா, 1858 அச்சுல இருந்த 8 மேலயே 9-ஐக் குத்தி அடிச்ச காசு உண்டு, அகலமான 9, அதுக்குள்ள 8 எட்டிப் பாக்கும். ஒடுக்கமான 9-ஐ ரெண்டு தடவ குத்துனதும் உண்டு, அதை ஒரு காலத்துல 6 மேல 9-ன்னு நெனச்சிட்டிருந்தாங்க. சாதா ஒடுக்க 9 மட்டும் சீப்பட்டுக் கெடக்கும். ஏன்னா அந்த ரெண்டு வருஷ தேதியில மட்டும் கிட்டத்தட்ட ஒரு கோடி சென்ட் அடிச்சுத் தள்ளிட்டாங்க, ஜனங்க ரொம்ப லேசா இருக்குன்னு சீந்தல, தள்ளுபடில குடுத்தும் தீராம 1876 வரைக்கும் புது சென்ட்டே தேவைப்படல. அரசாங்கமே தள்ள முடியாம தவிச்ச சரக்கை நான் பேரம் பேசி வாங்கியிருக்கேன்.

ராத்திரி டேபிள் லேம்ப்பைச் சாய்ச்சு வெச்சு உக்காந்தேன். தேஞ்ச காசுக்கு நேர் வெளிச்சம் ஆகாது, பக்கவாட்டுல அடிச்சாதான் எண்ணோட விளிம்புல நிழல் விழும். முதல் காசு, 9-க்குள்ள ஒரு வளைவு! ரெண்டாவதுலயும். ஒரு மணிக்குள்ள 11-லயும் 8. மனசுக்குள்ள வீட்டுக் கடனையே அடைச்சிட்டேன். தூங்கிட்டிருந்தவள எழுப்பிக் காட்டினா, கண்ணைக் கசக்கிட்டே பாத்துட்டு "ஏங்க, இதுல 1-க்குள்ளயும் 8 இருக்கே"ங்கறா.

லென்ஸுல சுருண்டு ஒட்டியிருந்தது என் தாடி முடி.

சரி, ஒண்ணாவது தேறும்னு ஞாயித்துக்கிழமை காயின் ஷோவுக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு வெள்ளைக்காரத் தாத்தா லென்ஸ்கூட எடுக்காம "நேரோ, நேரோ, நேரோ"ன்னு, அதாவது எல்லாம் சாதா ஒடுக்க 9-ன்னு, சீட்டுக்கட்டு மாதிரி தள்ளிட்டே வந்தார். கடைசிக் காசுல மட்டும் கை நின்னுச்சு. எனக்கு மூச்சே வரல. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "இது ரெண்டு தடவ குத்துனதா இருந்திருக்கலாம், அதைச் சொல்ற இடம்தான் தேஞ்சிருச்சு"ன்னு கையில குடுத்துட்டார்.

வீட்டுக்கு வந்து விடாம, இந்தக் காசுக்கு இன்னொரு பெருமை இருக்கு, புதுசுல சரியா ஒரு இஞ்ச் அகலம், நூறு சேந்தா ஒரு பவுண்டு எடைன்னு ஆரம்பிச்சேன். "அப்ப ரவை நிறுக்கவாவது ஆகட்டும்"னு வாங்கிட்டுப் போய் கிச்சன் தராசுல வெச்சா. 14-க்கு 63 கிராமாவது இருக்கணும்.

59 காட்டுச்சு.