தொட்டித் தண்ணீர்

முலாம் பூசும் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதப் பயிற்சிக்காக ஜப்பானில், நகோயாவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த சீனியர் ஒரு சனிக்கிழமை இரவு தன் வீட்டில் தங்கிப் போகச் சொன்னார். ஜனவரிக் குளிர்.

கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு, அதோடு வெளியே வந்துவிடக் கூடாது என்பதெல்லாம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. குளியலில்தான் தவறு செய்தேன்.

சமையலறைச் சுவரில் இருந்த சின்னப் பெட்டி ஒரு மெட்டை இசைத்து, வெந்நீர் தயார் என்றது. "ஓசாகி நி தோஸோ", நீங்கள் முதலில் போங்கள் என்றார் சீனியரின் மனைவி. தொட்டிக்குள் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தேன். அழுக்குத் தண்ணீரை அப்படியே விட்டு வரக் கூடாதே என்று அடைப்பைப் பிடுங்கிவிட்டு, தொட்டியையும் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்துப் போன பையன் உடனே திரும்பி வந்து அம்மாவிடம் ஏதோ சொன்னான். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஒரே தண்ணீரில்தான் வீட்டிலுள்ள நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்களாம். சுமார் 200 லிட்டர். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினார்கள். தூக்கக் கலக்கத்தோடு பையன் காத்திருந்தான்.

படுத்த பிறகு வெட்கமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அதைவிட அருவருப்புதான் அதிகம். ஒருவர் குளித்த தண்ணீரில் இன்னொருவரா?

காலையில் சீனியரின் மனைவி ஒரு குழாயின் நுனியைத் தொட்டிக்குள் போட்டு, அந்தத் தண்ணீரைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். நான்கு பேர் இறங்கிய தண்ணீர். அடைப்பின் சங்கிலி அடியில் வளையம் வளையமாகத் தெரிந்தது.

திங்கள்கிழமை நிக்கல் தொட்டி முன்னால் நின்றபோதும் அந்தச் சங்கிலி கண்ணுக்குள்ளேயே இருந்தது. கரைசல் நிரம்பிய தொட்டியை எங்கள் தொழிலில் 'பாத்', அதாவது குளியல் என்றுதான் சொல்வோம். எண்ணெய் போகக் கழுவி, அமிலத்தில் முக்கி, மறுபடி அலசிய பிறகுதான் முலாம் பூச வேண்டிய ஒரு பாகம் அதற்குள் இறங்கும். அந்தக் கரைசலைத் தினமும் கொட்டுவதில்லை. வடிகட்டுவோம், குறைந்ததைச் சேர்ப்போம், வருடக்கணக்கில் ஓடும். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு பாகத்தை யாராவது இறக்கினால் கத்திவிடுவேன்.

அந்த வீட்டிலும் அதே முறைதான். குட்டை முக்காலி, கைப்பிடி ஷவர், வாளி எல்லாம் தொட்டிக்கு வெளியே இருந்தன. அங்கேயே சோப்புப் போட்டு முழுக்க அலசிக்கொண்டு, பிறகு சூட்டுக்காக மட்டும் தொட்டியில் இறங்கி உட்காருகிறார்கள். நான் முகம் சுளித்தபோது மனதில் இருந்தது நான் நுரையாக்கி வைத்த தண்ணீர். அவர்களுடைய தண்ணீரை அதுவரை நான் பார்த்ததே இல்லை. தினமும் இதையே வேலையாகச் செய்கிறவனுக்கு அந்த முக்காலி கண்ணில் படவில்லையே என்பது இன்றும் உறுத்துகிறது.

ஊர் திரும்பும் முன் இன்னொரு முறை கூப்பிட்டார்கள். அன்றும் என்னைத்தான் முதலில் குளிக்கச் சொன்னார்கள். முக்காலியில் உட்கார்ந்து தலைமுதல் கால்வரை தேய்த்து, நுரை ஒரு பொட்டு இல்லாமல் அலசிய பிறகு இறங்கினேன். கழுத்துவரை சூடு. எழுந்ததும், சுருட்டி வைத்திருந்த மூடியை விரித்துத் தொட்டியை மூடினேன். வெளியே பையன் துண்டோடு நின்றிருந்தான். "தோஸோ" என்றேன்.