இடைநிற்றல் முதலில் தெரிவது வருகைப்பதிவேட்டில்தான்

பொதுத்தேர்வு எழுதும் மாணவியருக்கு வழிகாட்டும் பணியில் பல ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு பெண் ஒரே நாளில் படிப்பை நிறுத்திவிடுவது அரிது. முதலில் மாதத்தில் சில நாட்கள் வராமல் இருப்பாள், பிறகு வாரத்தில் ஒரு நாள், அதன் பின்னர் தொடர்ந்து பல நாட்கள். எனவே உதவ விரும்பும் ஆசிரியரோ தன்னார்வலரோ முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது மதிப்பெண் பட்டியலை அல்ல, வருகைப்பதிவேட்டைத்தான். எத்தனை நாள் வரவில்லை என்பதைவிட எந்தெந்த நாள் வரவில்லை என்பதே காரணத்தைக் காட்டும்.

மாதந்தோறும் ஏறக்குறைய அதே நாட்களில் விடுப்பு விழுந்தால் மாதவிடாய்தான் காரணமா என்று ஓர் ஆசிரியை தனியாகக் கேட்கலாம். கென்யா 2017-இல் பள்ளி மாணவியருக்கு இலவச அணையாடை வழங்கச் சட்டமே இயற்றியது; ஆனால் தண்ணீரும் உள்தாழ்ப்பாளும் இல்லாத கழிவறை இருக்கும் பள்ளியில் அணையாடை மட்டும் பாதிப் பயன்தான் தரும். வாரத்தின் குறிப்பிட்ட நாட்களில் வரவில்லையென்றால், அன்று வீட்டில் யாருடைய வேலையை அவள் செய்கிறாள் என்று கேளுங்கள். தாய் கூலி வேலைக்குப் போகும் நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத குடும்பத்திடம் கல்வியின் பெருமையை எடுத்துச் சொல்வதில் பயனில்லை. அந்தக் குழந்தையை அந்தச் சில மணி நேரம் யார் பார்ப்பது என்பதைப் பேசினால்தான் ஏதாவது நடக்கும்.

தொலைவும் பணமும் தனிக் கதை. பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு மிதிவண்டி தரும் திட்டம் தொடங்கியபோது, உயர்நிலைப் பள்ளியிலிருந்து தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் கூடுதலாகத் தெரிந்தது. வங்கதேசம் 1994 முதல் ஊரக மாணவியருக்கு நாடு தழுவிய அளவில் உதவித்தொகை வழங்கியது. 75 விழுக்காடு வருகையும், 45 விழுக்காடு மதிப்பெண்ணும், திருமணமாகாத நிலையும் அதற்கு நிபந்தனைகள். திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்வதால் திருமண நிபந்தனை பெண்ணின் பக்கம் பேசுகிறது. வருகை நிபந்தனையோ, உதவி மிகுதியாகத் தேவைப்படுகிறவளையே முதலில் வெளியே தள்ளக்கூடும் என்பது என் கருத்து. இத்தகைய உதவிக்கு விண்ணப்பிக்கும் மாணவியின் வருகைக் கணக்கை மாதக் கடைசியிலேயே சரிபார்த்து, நோய் போன்ற காரணங்களை எழுத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பி வரும் மாணவியிடம் விட்டுப்போன பாடம் அனைத்தையும் ஒன்றாகக் கொடுத்தால், அந்தச் சுமையே அவளை மறுபடி வீட்டுக்கு அனுப்பிவிடும். கணிதத்தில் பின்வரும் பாடங்களுக்கு அடிப்படையான பகுதிகளை முதலில் முடித்து, மற்றப் பாடங்களில் முந்தைய ஆண்டு வினாத்தாள்களில் அடிக்கடி வரும் பகுதிகளிலிருந்து தொடங்குவது நடைமுறையில் கைகொடுக்கிறது. வீட்டில் படிப்பாள் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடாமல், படிப்பு முழுவதும் பள்ளி நேரத்துக்குள்ளும் அதை ஒட்டிய அரை மணி நேரத்துக்குள்ளும் முடியும்படி அமையுங்கள். அவள் வராத நாட்களில் தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் கடந்துவிடக் கூடாது. பெயரும் பிறந்த தேதியும் சான்றிதழோடு ஒத்திருக்கின்றனவா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைகூடப் பின்னாளில் பெரிய அலைச்சலாகிவிடும்.

வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது என்றோ, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்றோ அவள் சொல்லத் தொடங்கினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் சொல்லியாக வேண்டும் என்பதையும், யாரிடம், எப்போது என்பதையும் அவளிடம் முன்னதாகவே விளக்குங்கள். கருவுற்ற மாணவியர் பள்ளிக்கு வருவதற்கு இருந்த தடையைச் சியரா லியோன் 2020-இலும் தான்சானியா 2021-இலும் நீக்கின. ஆனாலும் திரும்பி வருகிறவளின் காதில் வகுப்பறையில் விழும் பேச்சை ஆணை எதுவும் மாற்றிவிடாது, அதை ஆசிரியர்தான் கவனிக்க வேண்டும்.

தேர்வில் ஒரு பாடம் போய்விட்டால், முடிவு வந்த அந்த வாரத்திலேயே வீட்டுக்குச் சென்று துணைத்தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிவிடுங்கள். தாமதித்தால் அதற்குள் அவளுக்கு வேலையோ மாப்பிள்ளையோ பார்க்கத் தொடங்கியிருப்பார்கள்.