'ஷார்ப்' என்பது பாராட்டா, வெறும் 'சரி'யா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் சிறுவர் கால்பந்துப் பயிற்சி. கோச் எத்தனை முறை கற்றுத் தருகிறார், பாராட்டுகிறார், திட்டுகிறார் என்று எண்ணுவதுதான் எங்கள் இருவரின் வேலை. கையில் இருந்தது 1980களில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உருவான பதிவுமுறை. படிக்கும்போது எளிதாகத்தான் தெரிந்தது.

மைதானத்தில் முதலில் மாட்டிய சொல் 'ஷார்ப்'. கோச்சுக்கும் பையன்களுக்கும் தமிழ்ப் பெயர்கள் இருந்தாலும் பேச்சு ஆங்கிலமும் ஸூலுவும்தான். இங்கே 'ஷார்ப்' என்றால் 'பிரமாதம்'; 'சரி, அடுத்தது' என்றும் பொருள். எங்களில் ஒருவர் பாராட்டு என்று குறிக்க, மற்றவர் நிர்வாகம் (பயிற்சியை ஒழுங்குபடுத்தும் பேச்சு) என்று குறித்தார். 'ஷேஷா'வும் (ஸூலுவில் 'சீக்கிரம்') அப்படித்தான்: பந்தோடு ஓடுகிறவனிடம் சொன்னால் ஊக்கம், கூம்புகளைப் பொறுக்குகிறவனிடம் சொன்னால் நிர்வாகம். கடைசியில் விதி எழுதினோம்: வீரர் ஒன்றைச் செய்து முடித்ததும், அவரைப் பார்த்துச் சொன்னால்தான் பாராட்டு. யாரிடம் சொன்னார் என்று தெரியாவிட்டால் 'குறிக்க இயலாது'.

வகைகளை மாற்றத் தயங்க வேண்டாம். 1974–75இல் யுசிஎல்ஏ கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடனைக் கவனித்த தார்ப்பும் கலிமோரும், திட்டிய கையோடு சரியானதைச் சொல்லித்தரும் அவர் பழக்கத்துக்குத் தனி வகையே சேர்த்தார்கள். ஆனால் மாற்றுவதெல்லாம் ஒத்திகையில்தான்; உண்மைப் பதிவு தொடங்கியபின் விதியில் கை வைத்தால் பழைய பதிவுகளை முழுக்க மறுபடி குறிக்க வேண்டும்.

கோச்சின் காலரில் மைக், அதன்மேல் பஞ்சுறை. உறை இல்லாவிட்டால் கடற்காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். பெற்றோர் ஒப்புதல் முன்கூட்டியே. முதல் இரண்டு பயிற்சிகளின் பதிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேமராவைப் பார்த்ததும் எல்லா கோச்சும் சாந்த சொரூபிதான்.

10 விநாடி பார்த்து 5 விநாடி குறித்தால் நிமிடத்துக்கு 4 குறிப்பு. நிகழ்வுகளை மட்டும் எண்ணினால் மௌனம் எவ்வளவு நீண்டது என்பது தெரியாமல் போகும்.

இருவர் தனித்தனியாகக் குறித்து 80% ஒத்துப்போனால் போதும் என்பது வழக்கம். அதை அப்படியே நம்பாதீர்கள். மௌனம், பேச்சு என்று இரண்டே வகை. இருவரும் 70% மௌனம் என்று குறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குருட்டாம்போக்கிலேயே 58% ஒத்துவிடும் (0.49 + 0.09). அந்தத் தற்செயல் ஒப்பைக் கழித்துக் கணக்கிடும் கோஹன் கப்பா என்ற அளவு, 80% ஒத்துப்போனாலும் 0.52தான் வரும். வகைவாரியாகவும் பாருங்கள், மொத்தம் நன்றாக இருக்கும்போதே 'கேள்வி' போன்ற ஒரு வகையில் ஒப்பு படுத்திருக்கும்.

சில வாரங்கள் கழித்து அதே வீடியோவை அதே ஆள், பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி குறிக்க வேண்டும். பருவத்தின் நடுவிலும் ஒருமுறை. கோச் பழகப் பழக, அவருடைய திட்டு நம் காதுக்கு அறிவுறுத்தலாகக் கேட்கத் தொடங்கிவிடும்.