ரிக்கோர்தியின் வாடகைக் கணக்கு

ஒரு ஓபராவை, அதாவது பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய இசை நாடகத்தை, முழுசாக உட்கார்ந்து கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. ஓபராக் காகிதங்களையோ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பேன். கணக்கெழுதிப் பிழைக்கிறவனின் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியின் மிலான் நகரத்து இசைப் பதிப்பகமான ரிக்கோர்தியின் ஆவணக் காப்பகம் கடிதங்கள், லிப்ரெட்டோக்கள் என்ற ஓபரா வசனப் புத்தகங்கள், மேடை உடைகளுக்கான ஓவியங்கள் என்று நிறைய இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சாப்பாடு முடிந்தால் நான் அங்கேதான்.

ஜொவான்னி ரிக்கோர்தி அரங்குகளுக்கு இசைப்பிரதி எடுத்துக்கொடுத்தவர். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போய் இசையைத் தகட்டில் செதுக்கி அச்சிடக் கற்று, 1808இல் பதிப்பகம் தொடங்கினார். 1814இல் மிலானின் ஓபரா அரங்கான லா ஸ்காலாவின் நகலெடுக்கும் வேலை கிடைத்தது. 1825இல் அந்த அரங்கின் பழைய இசைச் சேகரிப்பையே வாங்கிப் போட்டார். கலைமேல் இருந்த பக்தி என்பார்கள். எனக்கென்னவோ நல்ல வியாபாரம் என்றுதான் படுகிறது. ஸ்கோரை, அதாவது முழு இசைப்பிரதியை, விற்றால் ஒருமுறைதான் காசு. வாடகைக்கு விட்டால் ஊருக்கு ஊர், சீசனுக்குச் சீசன் காசு. திருட்டுப் பிரதி வைத்து ஓபரா போடுவது சகஜமாக இருந்த காலம் அது. மூலம் தன் பீரோவில் இருந்தால்தானே கேள்வி கேட்க முடியும்?

அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 28 ஓபராக்களில் 23இன் கைப்பிரதிகள் இன்று ஒரே இடத்தில் இருக்கின்றன. இன்னொரு இசையமைப்பாளர் புச்சீனியின் ஓபராக்களில் 'லா ரோந்தினே' மட்டும் கிடையாது. அது போட்டிப் பதிப்பாளர் சொன்சோன்யோவிடம் போய்விட்டது.

வெர்டி எழுதும் விதம் எனக்குப் பிடித்தது. முதலில் பாடகரின் வரி, அடியில் பேஸ் என்ற கீழ்ஸ்தாயி வரி, அங்கங்கே முக்கியமான வாத்தியக் குறிப்பு. மீதிக் கோடுகள் காலி. பாடகர்கள் பாடம் பண்ண அதிலிருந்தே படி எடுத்துவிடுவார்கள். வாத்தியங்களை அப்புறம் நிரப்புவார், சிலவற்றை ஒத்திகை ஊருக்குப் போன பிறகு. மையின் நிறத்தை வைத்து எது முதலில், எது பின்னால் என்று ஆய்வாளர்கள் பிரிக்கிறார்கள்.

ஆனால் என் ஆசை 'லிப்ரோனி' என்ற தடித்த பேரேடுகள்மேல். ரிக்கோர்தி வெளியீடுகள் பலவற்றில் ஆண்டு இருக்காது, அச்சுத் தகட்டின் எண் இருக்கும். அந்த எண்ணைப் பேரேட்டில் தேடினால் தேதி கிடைத்துவிடும். யாரோ ஒரு குமாஸ்தா ஒழுங்காக வரவு வைத்ததால் வந்த வரலாறு!

1943 ஆகஸ்ட் குண்டுவீச்சில் அச்சகம் போனது. கைப்பிரதிகளை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால் தப்பின. இப்போது மிலானின் பிரேரா மாளிகை நூலகத்தில் இருக்கின்றன. 1994இல் ரிக்கோர்தியை வாங்கிய ஜெர்மன் நிறுவனம் பெர்டெல்ஸ்மன், 2006இல் பதிப்பு வியாபாரத்தை யுனிவர்சல் இசை நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் காப்பகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. வாடகை அவர்களுக்கு, காகிதம் இவர்களுக்கு. ஜொவான்னி இதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.