பின்னி மில்லில் தொடங்கிய நாடாளுமன்றப் பாடம்

பத்தாம் வகுப்பில் எங்களுக்குக் குடிமையியல் எடுத்த சார், மக்களவை, மாநிலங்களவை என்று பாடத்தைத் தொடங்கவில்லை. வடசென்னையில் இருந்த பின்னி துணி மில்லில் தொடங்கினார். பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரிப் பிள்ளைகள் நாங்கள். வகுப்பில் பலருக்கு அப்பாவோ பெரியப்பாவோ அங்கேதான் வேலை.

1918-ல் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்னின்று அந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவர் பி.பி.வாடியா. தகராறு முற்றியபோது நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது. வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார் என்று வாடியாவுக்குத் தடை வந்தது. சங்கம் நடத்துபவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பே இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1921-ல் டெல்லியில், மத்திய சட்டமன்றத்தில் தொழிலாளர் தலைவர் என்.எம்.ஜோஷி இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. "உங்க தெருச் சண்டைதான்டா டெல்லியில சட்டமாச்சு" என்றார் சார். 1957-ல் அதே சங்கத்தின் தலைவர் அந்தோணி பிள்ளையையே வடசென்னை மக்கள் எம்.பி. ஆக்கி அனுப்பினார்கள்.

அப்புறம் மாதிரி நாடாளுமன்றம். பெஞ்சுகளை எதிரும் புதிருமாகப் போட்டோம். நான் தொழிலாளர் அமைச்சர். மில் தொழிலாளியின் மகன் ஒருவன் நட்சத்திரக் கேள்வி கேட்டான்: இயந்திரத்தில் விரல் போனவருக்கு நஷ்டஈடு எப்போது? எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டு உட்காரப் போனேன். சார் விடவில்லை. நட்சத்திரக் கேள்வி என்றால் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வியும் வரும். "எந்தத் தேதிக்குள்?" என்று அவன் கேட்டபோது அவன் குரல் நடுங்கியது. அவன் அப்பாவின் கை எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கேள்விக்கு எவ்வளவு பலம் என்பதற்கு சார் சொன்ன உதாரணம் முந்த்ரா விவகாரம். எல்.ஐ.சி. பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போனதை 1957-ல் மக்களவையில் கிளப்பியவர் பெரோஸ் காந்தி, ஆளுங்கட்சிக்காரர். விசாரணைக் கமிஷன் வந்தது. 1958-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1952-ல் சென்னைத் தொகுதியில் ஜெயித்துப் போனவர் அவர்.

இப்போது வெளிநாட்டில் இருந்துகொண்டு அவை நடவடிக்கைகளைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019-ல் அமைந்த பதினேழாவது மக்களவை 274 நாள்தான். 2020 மழைக்காலக் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டி, எம்.பி.க்கள் அமைச்சர்களைக் கேட்கும் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். தொற்றுக் காலம், சரி. ஆனால் மற்ற அலுவல்கள் நடந்தனவே?

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று. பள்ளிக்கு நாம் அனுப்பும் நிதியில் ஒரு பங்கை, ஆண்டுதோறும் மாதிரி நாடாளுமன்றம் நடத்துவதற்கென்று ஒதுக்குவோம். பேச்சுப் போட்டி மாதிரி மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டாம். கேள்வி நேரத்துக்கு ஒரு மணி நேரம் முழுசாகக் கொடுக்கட்டும்.